எங்கள் ஒழுங்கைக்கு எந்தத் தண்ணீர்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஒழுங்கையின் 11 வீட்டுக்காரரும் சனசமூக நிலையத்தில் கூடினோம். முடிவெடுக்க வேண்டியது ஒரே விஷயம். குழாய்த் தண்ணீர் இணைப்புக்கு விண்ணப்பிப்பதா, அவரவர் வளவில் குழாய்க் கிணறு அடித்து வடிகட்டியும் பூட்டிக்கொள்வதா, இல்லை பற்றை பிடித்துக் கிடக்கும் பழைய பங்குக் கிணற்றைத் திருத்தி எல்லாரும் அதிலிருந்து எடுப்பதா. அரை மணித்தியாலத்தில் முடியும் என்று நினைத்துத்தான் போனேன்.

கனடாவிலிருந்து லீவில் வந்திருந்த மச்சான் முதல் வாயைத் திறந்தார். "அரசாங்கம் கை வச்சது எது உருப்பட்டது? அவனவன் தன்ர காசில, தன்ர வளவில தோண்டட்டும். காசு குடுத்தவன் கவனமாப் பாவிப்பான்." கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், இருந்து பென்ஷன் எடுத்த பெரியப்பாவுக்கு இது பொறுக்கவில்லை. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேணும் என்று வளர்ந்த தலைமுறை அது. அவர் கேட்டது ஒரே கேள்வி: "கிணறு உன்ர. ஊத்து ஆற்ர?"

அதோடு பேச்சு தண்ணீரை விட்டுவிட்டு அரசாங்கம் எதற்கு, சந்தை எதற்கு, தனி மனிதன் எதுவரை என்று போய்விட்டது. தேத்தண்ணி இரண்டு தரம் வந்தது. முடிவு வரவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று வழியையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். நடுநிலை என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஒரு பக்கம் சாய்வு இருக்கிறது, போகப் போகத் தெரியும்.

முதலில் நிலத்தைப் பற்றி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கித் தேங்குகிறது. அந்த நல்ல தண்ணீர் கீழேயுள்ள கடல் நீரின் மேல் மிதக்கிறது. உப்பு நீர் பாரம் கூடியது என்பதால் இரண்டும் சட்டென்று கலப்பதில்லை. நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கில், கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் 40 மீற்றர் வரை நல்ல தண்ணீர் இருக்கும். மறுபக்கமாகப் பார்த்தால்தான் வயிற்றைக் கலக்கும். இறைத்து இறைத்து மேல் மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால், கீழே உப்பு 4 மீற்றர் ஏறி வரும். ஏட்டுக் கணக்குத்தான், ஆனால் கிணறு சவராகிப் போன ஊர்க்காரரிடம் கேட்டால் ஏட்டில் மட்டும் இல்லை என்பார்கள்.

இப்போது மச்சானின் வழி. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சந்தைக்காரரின் வாதம் பேராசையைப் புகழும் வாதம் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் உண்மையான பலம் வேறு இடத்தில் இருக்கிறது. எந்த வளவுக்கு எவ்வளவு தேவை, எந்த மண் எவ்வளவு உறிஞ்சும், எவனிடம் எவ்வளவு காசு என்பதெல்லாம் ஆயிரம் பேரின் தலைக்குள் சிதறிக் கிடக்கிற அறிவு. கொழும்பில் மேசையில் இருக்கும் ஒருவருக்கு அது முழுவதும் எட்டாது, விலை ஒன்றுதான் அதைச் சேர்த்துச் சொல்லும் என்று பொருளியலாளர் ஹயெக் போன்றவர்கள் வாதிட்டார்கள். 2021இல் அதைக் கண்ணால் கண்டோம். இரசாயன உர இறக்குமதி ஒரே உத்தரவில் நின்றது. சிவப்பு மண்ணில் வெங்காயம் போட்டவனையும் வன்னியில் நெல் போட்டவனையும் மலையில் தேயிலை பறித்தவரையும் யாரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் தடையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. தனி ஆள் பிழைவிட்டால் ஒரு தோட்டம் அழியும். அரசு பிழைவிட்டால் எல்லாத் தோட்டமும் ஒரே போகத்தில் அழியும்.

எங்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு, புத்தகத்தில் இல்லாதது. 1990க்குப் பிறகு வருடக்கணக்கில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் பொன் விலை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். அப்போது குடித்தது எதை? கிணற்றை. கயிறும் வாளியும் போதும், ஒருவரிடமும் பாஸ் எடுக்கத் தேவையில்லை. வேறொருவர் கையில் திருகி இருக்கும் குழாயை மட்டும் நம்பியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. ஆகவே "என் வளவில் என் கிணறு" என்பதை வெறும் தன்னலம் என்று யாராவது இங்கே வந்து சொன்னால் நான் ஏற்கமாட்டேன். அது எங்கள் காப்புறுதி.

சரி, அப்படியென்றால் ஏன் எல்லாரும் குழாய்க் கிணறு அடிக்கக் கூடாது?

பெரியப்பாவின் கேள்விதான் காரணம். வேலி மண்ணுக்கு மேலே நிற்கிறது. சுண்ணாம்புக் கல் முழுக்க வெடிப்பும் குகையும். புத்தூர் நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. என் மலசலகூடக் குழியில் போனது பக்கத்து வீட்டுக் கிணற்றில் வரும். அவர் தோட்டத்துக்குப் போட்ட யூரியா என் பானைக்குள் வரும். வலிகாமத்துத் தோட்டப் பகுதிகளில் கிணற்று நீரில், உரத்திலிருந்தும் மலக்குழியிலிருந்தும் இறங்கும் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிய கிணறுகளை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்து. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்க வைத்தால் சரி என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், நைத்திரேற்று அப்படியே இருக்கும். செறிவு கூடத்தான் செய்யும்.

இங்கேதான் விலை ஊமையாகிறது. தண்ணீர் இறைக்கும் மிசினை நாலு மணித்தியாலம் கூட ஓட்டினால் நான் கொடுப்பது மின்சாரக் காசு மட்டும். இறங்கிய நீர்மட்டத்துக்கும் ஏறி வந்த உப்புக்கும் பில் வருவதில்லை. வந்தாலும் அது கடற்கரைப் பக்கம் இருப்பவருக்குத்தான் போகும். துலாக் காலத்தில் இந்தப் பிரச்சினைக்கு இயற்கையே ஒரு எல்லை வைத்திருந்தது. துலா மிதிப்பவரின் கால் களைக்கும், பட்டை பிடிப்பவரின் கை களைக்கும். மிசினுக்குக் களைப்பு இல்லை.

வடிகட்டி பூட்டலாம்தானே என்றார் மச்சான். பூட்டலாம். வீட்டுக்குப் பூட்டும் ஆர்.ஓ. வடிகட்டி நைத்திரேற்றை எடுக்கும். ஆனால் உள்ளே போகும் தண்ணீரில் பாதிக்கு மேல் கழிவாக வெளியே வரும் வகைதான் பெரும்பாலும் விற்பனையில் இருக்கிறது. அந்தக் கழிவு திரும்பவும் வளவு மண்ணுக்குள்தான். கானில் வாங்குவது இன்னொரு வழி. 1 கன மீற்றர் தண்ணீர் வேண்டுமென்றால் 19 லீற்றர் கானை 53 தரம் தூக்க வேண்டும். குடிப்பதற்கு மட்டும் என்றால் சமாளிக்கலாம், வசதியுள்ளவர் சமாளிக்கிறார்.

காசுள்ளவனின் பிழை காசில்லாதவனின் கிணற்றில் வந்து தேங்குவதற்குப் பெரிய உதாரணம் சுன்னாகம். 2014, 2015 அளவில் மின் உற்பத்தி நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் படர்ந்தது. மச்சான் சொல்வார், சொத்துக்குச் சேதம் என்றால் நீதிமன்றம் இருக்கிறதே என்று. இருந்தது. அடிப்படை உரிமை வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் அந்தத் தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. வழக்குப் போட்ட காலத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் நாலு வருடம். அவ்வளவு காலமும் அந்த வீடுகளில் சோறு எந்தத் தண்ணீரில் பொங்கியது? கவனித்திருக்க வேண்டிய அரச அமைப்புகளும் கவனிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் யாருடைய கொள்கையும் வெல்லவில்லை.

அடுத்தது பெரியப்பாவின் வழி, குழாய். இதன் வரலாறே ஒரு பாடம். முதலில் இரணைமடுக் குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் திட்டம். கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். எதிர்த்ததில் நியாயம் இருந்தது. தங்கள் வயலுக்கே காணாத குளத்தில் பக்கத்து மாவட்டம் குழாய் போடுவதற்கு யார் சம்மதிப்பார்? நல்ல விலையோ நல்ல ஒப்பந்தமோ இருந்தால் இதைப் பேசித் தீர்த்திருக்கலாம் என்பது என் எண்ணம். தீரவில்லை. ஆகவே மருதங்கேணிப் பக்கம் தாளையடியில் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் கட்டி, 2024 ஓகஸ்ட்டில் திறந்தார்கள். நாளுக்கு 24,000 கன மீற்றர். கடல் நீரில் உப்பெடுக்க ஒரு கன மீற்றருக்கு 3, 4 அலகு மின்சாரம் தேவை. தமிழனும் தமிழனும் ஒரு குளத்தைப் பங்கிட முடியாததற்கு மாதா மாதம் கட்டும் அபராதம் என்று எனக்கு அது படுகிறது. பெரியப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

24,000 கன மீற்றர் பெரிதாகத்தான் கேட்கிறது. 2012 கணக்கெடுப்பில் மாவட்டத்தில் 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல் மக்கள். எல்லாருக்கும் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லீற்றர் சொச்சம். குடிக்க, சமைக்க, குழந்தையைக் குளிப்பாட்டப் போதும். தோட்டம் இறைக்க, மாடு குளிப்பாட்ட, கலியாண வீடு நடத்தக் காணாது. அதாவது குழாய் கிணற்றுக்குப் பதில் ஆகாது. ஆகும் என்று நினைத்துக் கிணற்றை மூடுகிறவர்களைக் கண்டால் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

அரசு ஒரு வேலையைத் தொடங்கினால் முடிக்குமா என்பது அடுத்த கேள்வி. கடல்நீரேரியை நன்னீர் ஆக்கலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் 1950களில் வரைந்த திட்டத்தை "யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு" என்று இன்றும் பேசுகிறோம். தொண்டைமானாற்றில் தடுப்பணை எழுந்தது. முழுத் திட்டம் எழவில்லை. 70 வருடமாக அரைகுறை. ஆக, "அரசு செய்யும்" என்பதற்கும் "அரசு செய்தது" என்பதற்கும் நடுவில் ஒரு வாழ்நாள் கிடக்கிறது.

அரசை நம்புவதா என்ற கேள்விக்கு எங்கள் தோட்டக்காரரிடம் நேரான பதில் கிடைக்காததற்கு இன்னொரு காரணம் வெங்காயமும் மிளகாயும். 1970 முதல் 1977 வரை இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது இங்கே தோட்டம் செய்தவன் கல்வீடு கட்டினான். என் அப்பப்பா முதல் மிசின் வாங்கியது அந்த மிளகாய்க் காசில்தான். 1977இல் ஜே.ஆர். ஜயவர்த்தன சந்தையைத் திறந்துவிட்டதும் அந்த விலை போயிற்று. அப்போ அரசுக் கட்டுப்பாடு நல்லதா? ஆனால் வெங்காயத்துக்கு விலை கொடுத்த அதே அரசுதான் தரப்படுத்தலைக் கொண்டுவந்து எங்கள் பிள்ளைகளின் பல்கலைக்கழக இடத்தை வெட்டியது. ஒரே கை. அதுபோக, அந்தப் பொற்காலம் வாங்கித் தந்த மிசின்கள்தான் இன்று கிணற்றை உறிஞ்சுகின்றன.

மூன்றாவது வழி, பங்குக் கிணறு. இதில்தான் எனக்கு ஆசை அதிகம். எங்கள் வீட்டு உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், "கிணற்றில் எட்டில் ஒரு பங்கும் வழி வாய்க்கால் உரித்தும்" என்று எழுதியிருக்கிறது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையில் பங்காளிக்கு முதலில் சொல்லாமல் பங்கை வெளியாருக்கு விற்க முடியாது என்ற முறை இருக்கிறது. முறை வைத்து இறைப்பார்கள். யார் முறை எந்த நாள் என்று எல்லாருக்கும் தெரியும். முறை மீறினால் வாய்க்கால் வரம்பில் சண்டை. அரசும் இல்லை, விலையும் இல்லை. ஆனால் ஒழுங்கு இருந்தது. எலினோர் ஒஸ்ரோம் என்ற அமெரிக்கப் பெண்மணி இப்படிப்பட்ட ஏற்பாடுகளை உலகம் முழுவதும் ஆராய்ந்து 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். யார் பங்காளி என்பது தெளிவாக இருக்க வேண்டும், பாவிப்பவர்களே கண்காணிக்க வேண்டும், மீறினால் சின்னதிலிருந்து தண்டனை தொடங்க வேண்டும் என்பவை அவர் கண்டவற்றுள் சில. எங்கள் அப்பப்பாவைக் கேட்டிருந்தால் இதையே கெட்ட வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பார்.

எங்களுக்கு இது வெறும் ஏக்கமும் இல்லை. மூளாயில் கூட்டுறவாக ஆஸ்பத்திரி நடத்திய ஊர் இது. சங்கக் கடையில் கூப்பன் அரிசி வாங்கிய தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் நான் இதைத்தான் உருகி உருகிப் பேசினேன். ஒழுங்கையின் கடைசி இரண்டு வீட்டாரும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முடித்ததும் அங்கிருந்து ஓர் அக்கா மெதுவாகச் சொன்னார்: "எங்களுக்கு அந்தக் கிணத்தில பங்கு இல்லைத் தம்பி."

எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் பேசும்போது ஞாபகம் வரவில்லை, அதுதான் வெட்கம். அந்த இரண்டு வீட்டுப் பாட்டிமாரும் குடத்தோடு கிணற்றடிக்கு வெளியே நின்று, யாராவது அள்ளி ஊற்றும்வரை காத்திருந்திருக்கிறார்கள். சாதி. உறுதியில் பங்கு தெளிவாக எழுதியிருந்தது என்றால் யாருக்குப் பங்கு இல்லை என்பதும் அதே தெளிவோடு இருந்தது. மச்சானின் சந்தையும் அந்தக் கிணற்றைத் திறக்கவில்லை. காசு கொடுத்தாலும் தொட விட்டிருக்க மாட்டார்கள். 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பிறகும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே விடக் கேட்டுப் போராட வேண்டியிருந்தது. சட்டம் மட்டும் செய்துவிடவில்லை, போராடியவர்கள் செய்தார்கள். ஆனால் ஊர் கூடி வைத்த ஒழுங்கை உடைப்பதற்கு ஊருக்கு வெளியே ஒரு சட்டம் தேவைப்பட்டது.

அந்த அக்கா இன்னொன்றும் சொன்னார். "குழாய்க்கு ஆர் ஆரெண்டு தெரியாதுதானே." ஹயெக்கும் ஒஸ்ரோமும் எனக்குச் சொல்லித் தராத ஒன்றை அந்த ஒரு வசனம் சொல்லிவிட்டது. பங்குக் கிணற்றுக்கு உன் பேரும் உன் அப்பா பேரும் தெரியும். மீற்றருக்கு உன் அலகு மட்டும்தான் தெரியும். சில பேருக்கு அந்த அடையாளமில்லாத தன்மையே விடுதலை. அரசு என்பதை எப்போதும் எங்களை ஒடுக்கிய கையாக மட்டும் பார்த்துப் பழகியவனுக்கு இது கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது.

பங்குக் கிணற்றுக்கு வேறு சிக்கலும் உண்டு. எட்டில் ஒரு பங்கு பிள்ளைகளுக்குப் பிரிந்து பிரிந்து இப்போது நாற்பத்தெட்டில் ஒன்று என்ற கணக்கில் நிற்கிறது. பங்காளர் லண்டனில், பாரிசில், ரொறன்ரோவில். மச்சானே ஒரு பங்காளி. கையெழுத்து வாங்க வாட்சப் குழு தொடங்கினோம். காலை வணக்கப் படங்கள் வருகின்றன, கையெழுத்து வரவில்லை. ரொறன்ரோவில் மச்சான் குடிப்பதும் ஒன்ராறியோ ஏரியிலிருந்து மாநகர நிர்வாகம் சுத்திகரித்து அனுப்பும் குழாய்த் தண்ணீர்தான் என்று ஞாபகப்படுத்தினேன். "அது வேற அரசாங்கம்" என்றார். உண்மைதான், அதில்தான் எல்லாம் இருக்கிறது என்றும் சொல்லலாம்.

அப்புறம் என் முடிவு. குடிக்கவும் சமைக்கவும் குழாய் எடுப்போம். 11 வீடும், கடைசி இரண்டும் சேர்த்து. வளவுக் கிணற்றை ஒருவரும் மூடக் கூடாது. வருடம் ஒருமுறை இறைத்துத் துப்புரவாக்கி, கயிறும் வாளியும் கிணற்றடியில் இருக்கட்டும். குழாய் ஒரு நாள் நின்றால் எங்களுக்குப் பழக்கம் இருக்க வேண்டும். புதிதாகக் குழாய்க் கிணறு அடிப்பதற்கு மட்டும் நான் எதிர். ஆழம் போகப் போக உப்புக்குக் கிட்டப் போகிறோம், அது ஒருவர் வளவோடு நிற்காது. பங்குக் கிணற்றைக் குடிதண்ணீருக்குத் திருத்துவதை விட்டுவிட்டு, அதையே ஒழுங்கையின் அளவுகோலாக வைக்கலாம்: மாரிக்கு முன்னும் பின்னும் நீர்மட்டம் அளந்து, உப்பும் நைத்திரேற்றும் பரிசோதித்து, சனசமூக நிலையச் சுவரில் எழுதிப் போட வேண்டும். இதைச் சனசமூக நிலையச் சங்கம்தான் செய்ய வேண்டும். பரிசோதனைக் காசை மச்சான் தருகிறேன் என்றார்.

இரண்டாம் கூட்டத்தில் இவ்வளவும் ஓரளவு ஏற்றாயிற்று. மிச்சம் ஒன்று. தோட்டத்துக்கு இறைக்கும் மிசின்களுக்கு மீற்றர் பூட்டி, ஓர் அளவுக்கு மேல் இறைத்தால் சங்கத்துக்குக் காசு கட்டுவது. இந்த யோசனையைக் கொண்டுவந்தது மச்சான்! தண்ணீருக்கு விலை இல்லாததுதான் வருத்தம் என்றால் விலை வை என்று அவருடைய சந்தைக் கணக்கு நேராக அங்கே வந்து நிற்கிறது. எதிர்த்தது பெரியப்பா. ஒரு பரப்பில் வெங்காயம் போட்டுப் பிழைப்பவன் எங்கே போவான், காசுள்ளவன் கட்டிவிட்டு இன்னும் இறைப்பான் என்றார். இரண்டு பேரும் தங்கள் தங்கள் கொள்கைக்கு உண்மையாகத்தான் இருந்தார்கள்.

கை தூக்கச் சொன்னார் நிலையத் தலைவர். மச்சானுக்கு இங்கே தோட்டம் இல்லை, அவர் தூக்கினார். கடைசி வீட்டு அக்கா தூக்கினார். என் வளவில் இரண்டு பரப்பு வெங்காயமும் அப்பப்பாவின் மிசினுக்குப் பதிலாக வாங்கிய புது மோட்டரும் இருக்கின்றன. நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக் கழுவப் போய்விட்டேன்.